மெயின் கூன் பூனை வளர்ப்பு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

மெயின் கூன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், பனி கொட்டும் மெயின் மாநிலத்தில் உருவான பூனை. 1985 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனையும் அதுதான். ஆண் 6 முதல் 8 கிலோ, சில அதற்கு மேலும் போகும். பெண் 4 முதல் 6 கிலோ. முழு வளர்ச்சிக்கு 3 முதல் 5 வருடம் ஆகும்.

இந்தப் பூனையை நம் ஊர் ஃபிளாட்டில் வளர்க்கும்போது எந்தத் தொந்தரவு வந்தாலும் "முடி ஜாஸ்தி, அதனாலதான்" என்று வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும். பாதி நேரம் முடி காரணமாக இருக்காது, காரணத்தை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். மெலிவு, கட்டி, பூனைச் சண்டையில் வாங்கிய கடி, தெள்ளுப்பூச்சி எதுவும் அந்த ரோமத்துக்கு மேலே தெரியாது. அதனால் இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒன்று, தினமும் கையை ரோமத்துக்குள் விட்டுத் தோலைத் தொட்டுத் தடவிப் பார்ப்பது. விலா எலும்புகள் லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினாலும் தட்டுப்படவில்லை என்றால் பருமன், தொட்டதுமே குத்தினால் மெலிவு. இரண்டாவது, வாரம் ஒருமுறை எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். டயட் எதுவும் இல்லாமல் 7 கிலோ பூனை 350 கிராம் இறங்கினால், பார்க்க எவ்வளவு புஸுபுஸு என்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்கு (மலஜலம் கழிக்கும் மணல் பெட்டிக்கு) அடிக்கடி போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ராத்திரியை வீணாக்கிவிடுவார்கள். மணலைக் கிளறிப் பாருங்கள்: ஈரக்கட்டி இல்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலை வரை காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு, வலியில் அலறுகிறது. பாதத்தின் அடிப்பகுதி வெளிறி, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. எங்கோ விழுந்து அடிபட்டது என்று தோன்றும். இதய நோயால் உருவான ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் குழாயை அடைத்தாலும் இப்படித்தான் ஆகும். தைலம் தடவுவது, நீவிவிடுவது எதுவும் வேண்டாம்.

வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைக்கிறது. நாய்க்கு இது சகஜம், பூனைக்கு இல்லை. வெயில் தாக்கம், இதயம், நுரையீரல் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கீழே வெப்பம் பற்றிய பகுதியில் முதலுதவி இருக்கிறது.

இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. "பசிச்சா தானா சாப்பிடும்" என்பது பூனைக்குப் பொருந்தாது. குண்டான பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் படிந்து ஈரலே செயலிழக்கும்.

இன்னொன்று: காய்ச்சல், வலி என்று மனிதர்களின் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது

எந்த இடத்தில் சிக்கு என்று முதலில் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. அக்குள், காதுக்குப் பின்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்றால் உராய்வு. இது எல்லா மெயின் கூனுக்கும் வரும், சீவினால் தீரும். வயிற்றிலும் பின்னந்தொடையிலும் என்றால் சீவும்போது அந்த இடத்தை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம். முதுகின் பின்பாதியில், வாலுக்கு முன்னால், பொடுகோடு சேர்ந்து சிக்கு விழுந்தால் கதையே வேறு: பூனையால் அந்த இடத்தை எட்டி நக்க முடியவில்லை. உடல் பருமன், அல்லது இடுப்பு, முதுகெலும்பில் வலி. எத்தனை முறை சீவினாலும் அந்தச் சிக்கு திரும்ப வரும். உடம்பு முழுக்கவே நக்குவதை விட்டிருந்தால் வாய் வலியாக இருக்கலாம், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்.

சிக்கைப் பிரிக்கத் தேவையானவை: ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு, ஒரு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்), சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளார் ஒரு டீஸ்பூன். கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கைத் தூக்கும்போது தோலும் கூடவே கூடாரம் போல எழும்பும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டித் தையல் போடக் கொண்டுவரப்படும் பூனைகள் ஏராளம்.

செய்முறை இப்படி. கார்ன்ஃப்ளாரைச் சிக்கின் மேல் தூவி விரலால் உள்ளே தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சி முடியை வழுக்க வைக்கும். இடது கையின் இரண்டு விரலால் சிக்கின் வேரை, தோலை ஒட்டி, இறுக்கிப் பிடியுங்கள். இந்தப் பிடி இருந்தால் இழுப்பு தோலுக்குப் போகாது, பூனையும் கடிக்காது. சீப்பின் கடைசிப் பல்லை மட்டும் வைத்துச் சிக்கின் நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி வர வேண்டும். வேரிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் இறுகும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்; மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிக்குக்கும் தோலுக்கும் இடையில் சீப்பின் பல் நுழையவே இல்லை என்றால் பிரிக்க முயல்வது சித்திரவதை. 10ஆம் எண் பிளேடு போட்ட டிரிம்மரால் எடுப்பதே வழி. பிளேடு தோலோடு படுத்த வாக்கில் போக வேண்டும், மறு கையால் தோலை இழுத்து விறைப்பாகப் பிடிக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடு சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்கக் கம்பளி மாதிரி ஆகிவிட்டிருந்தால் வீட்டில் செய்யாதீர்கள்.

சிக்கோடு குளிப்பாட்டுவது பலரும் செய்யும் காரியம். தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் அந்தச் சிக்கு பஞ்சுத்துணி போல இறுகித் தோலை இழுக்க ஆரம்பிக்கும். முதலில் சீவல், பிறகுதான் குளியல், குளித்த பின் அடி ரோமம் வரை உலர்த்தல். இந்த இனத்தின் மேல் ரோமம் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் துண்டால் ஒற்றிவிட்டு விட்டுவிட்டால் இரண்டு நாளில் உள்ளே நாற்றமும் அரிப்பும் வந்துவிடும். டிரையரை மிதமான சூட்டில் வைத்து, விரலால் ரோமத்தைப் பிரித்துப் பிரித்து உலர்த்துங்கள்.

வழக்கமாக வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். பிரஷ் மேலாக ஓடி அழகாக்கும், சிக்கைக் கண்டுபிடிப்பது சீப்புதான். தோலிலிருந்து நுனிவரை ஸ்டீல் சீப்பு தடையில்லாமல் வந்தால்தான் சீவி முடிந்தது.

முடி கொட்டி வழுக்கை தெரிகிறது

மெத்தையெல்லாம் முடி, ஆனால் பூனையின் மேல் எங்கும் இடைவெளி இல்லை என்றால் அது சாதாரண உதிர்வு. மின்விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

வழுக்கைத் திட்டு இருந்தால் அந்த இடத்தில் விரலை எதிர்த்திசையில் தடவுங்கள். மழித்த தாடி போல நறநறவென்று இருந்தால் பூனையே நக்கி முடியை உடைக்கிறது. வழவழவென்று இருந்தால் முடி வேரோடு விழுந்திருக்கிறது. நக்குவதாக இருந்தால் எங்கே என்று பாருங்கள். வாலடியிலும் முதுகின் பின்பகுதியிலும் என்றால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடிவயிறும் உள்தொடையும் மட்டும் என்றால் ஒவ்வாமை, மன அழுத்தம், அல்லது சிறுநீர்ப்பையில் வலி.

அடர்ந்த ரோமத்தில் தெள்ளைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தரையில் விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்தி வாலடியை நன்றாகச் சீவுங்கள். கருப்புத் துகள் விழுந்து, ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். அப்படியே கருப்பாகக் கிடந்தால் வெறும் அழுக்கு. மருந்து வாங்கும்போது கவனம்: நாய்க்கான சொட்டு மருந்து, பவுடர் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது பூனைக்கு விஷம்; நடுக்கமும் வலிப்பும் வரும். "கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். அளவைப் பூனையின் எடைக்கேற்ப டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். சின்னப் பூனைக்கான டியூப் 7 கிலோ பூனைக்குப் பத்தாது.

காது விளிம்பு, முகம், முன்னங்காலில் வட்டமாக முடி விழுந்து சாம்பல் நிறச் செதில் இருந்தால் படர்தாமரை. இது வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றும். பல சமயம் குழந்தையின் கையில் வட்டம் வந்த பிறகுதான் பூனையைப் பார்க்கிறார்கள். நீண்ட முடிப் பூனையில் வெளியே எதுவுமே தெரியாமல் பூஞ்சை ஒளிந்திருக்கவும் முடியும். மனிதர்களுக்கான க்ரீமைத் தடவினால் நக்கி விழுங்கிவிடும், ரோமத்தில் மற்ற இடங்களில் இருப்பதும் போகாது. வாய்வழி மருந்தும் மருந்துக் குளியலும் சேர்த்துப் பல வாரம் தர வேண்டியிருக்கும். படுக்கை விரிப்பு, சீப்பு, சோபா எல்லாவற்றிலும் உதிர்ந்த முடியில் பூஞ்சை இருக்கும் என்பதால் தினமும் வாக்குவம் போடாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

கருத்தடை செய்யாத ஆண் பூனையின் வால் மேல்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும் கரும்புள்ளியும் இருந்தால் அது வாலடிச் சுரப்பியின் வேலை. கார்ன்ஃப்ளார் தூவிச் சீவி, பூனைக்கான எண்ணெய் நீக்கும் ஷாம்பூவால் அந்த இடத்தை மட்டும் கழுவலாம். கருத்தடைக்குப் பின் பெரும்பாலும் குறையும்.

குனிந்து, கழுத்தை நீட்டி, 'கக்... கக்' என்கிறது

முடி உருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்பார்கள். எப்போதாவது ஒரு சுருட்டு வடிவ முடிக்கட்டி வெளியே வந்து, அடுத்த நிமிடம் சாப்பிடப் போனால் சரி. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் என்றால் ஒன்று நீங்கள் சீவுவது குறைவு, அல்லது அரிப்பால் அதிகம் நக்குகிறது, அல்லது குடலில் கோளாறு.

ஆனால் எதுவுமே வெளியே வராமல் இதே காட்சி திரும்பத் திரும்ப நடந்தால் அது இருமல். ஆஸ்துமா உள்ள பூனையும் இப்படித்தான் தரையோடு பதுங்கிக் கழுத்தை நீட்டும். மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் பூனை இருமிக் காட்டாது. வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

முடி உருண்டைக்குக் கடையில் விற்கும் பேஸ்ட்டை விரல்கணு நீளம் பாதத்தில் தடவினால் நக்கிவிடும். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தொட்டியில் கோதுமையை முளைக்க வைத்து நான்கு விரல் உயரம் வந்ததும் பூனை மேய வைக்கலாம். பலமுறை வாந்தி, சாப்பாடு வேண்டாம், மலமும் வரவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் குடலடைப்பு. பேஸ்ட்டை நம்பி இருக்க வேண்டாம்.

லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போகிறது

உடல்நலம் சரி என்று தெரிந்த பின் பெட்டியை அளந்து பாருங்கள். கடையில் கிடைக்கும் 40–45 செ.மீ. பெட்டி இந்தப் பூனைக்குக் காணாது. முன்னங்கால் உள்ளே, பின்பக்கம் விளிம்புக்கு வெளியே. பூனையைப் பொறுத்தவரை அது பெட்டிக்குள் நின்றுதான் போகிறது. மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தில் ஒன்றரை மடங்கு வேண்டும். போர்வை போட்டுவைக்கும் 75–80 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி, ஒரு பக்கம் 15 செ.மீ. உயரத்துக்கு வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போதும்; மூடி போட்ட பெட்டிகளைவிட இது நல்லது. மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, வெவ்வேறு இடத்தில்.

பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வீடுகளில் பூனை பெட்டியை வெறுப்பது ஆச்சரியமில்லை. வாசனை ஒருபுறம், ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைக்கு விஷம். ஈரத் தரையில் நடந்து, விரலிடுக்கு ரோமத்தில் ஏற்றிக்கொண்டு, பிறகு நக்கும். தரைக்கும் பெட்டிக்கும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போதும்.

மணல் வீடு முழுக்கப் பரவுகிறது என்றால் விரலிடுக்கு முடியைப் பாத மெத்தைக்குச் சமமாக ட்ரிம் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மணலுக்குப் பதில் மெல்ல மெல்ல மரத்தூள் பெல்லட்டுக்கு (அழுத்திச் செய்த மரத்தூள் துண்டுகளுக்கு) மாற்றலாம்.

மலம் பின்தொடை ரோமத்தில் ஒட்டுகிறதா? ஆசனவாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியைக் குறைத்தால் தீரும். ஆனால் நேற்றுவரை ஒட்டாமல் இன்று ஒட்டினால் முடி வளரவில்லை, மலம் இளகியிருக்கிறது; பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்துப் போங்கள். ஒட்டியதை ஒரு நாள்கூட விடக்கூடாது. நம் ஊர் வெக்கையில் ஈ மொய்த்து முட்டையிட்டால் அடுத்த நாள் புழு வைத்துவிடும்.

வெயிலில் துவண்டு கிடக்கிறது

கத்திரி வெயிலில் வெறும் தரையில் கால்களை விரித்துப் படுப்பது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வது. கூப்பிட்டால் எழுந்து வருகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள், போதும். வாய் திறந்த மூச்சு, எச்சில் ஒழுகல், தள்ளாட்டம், ஈறு அடர் சிவப்பு என்றால் வெப்பத் தாக்கு. குழாய்த் தண்ணீரால் வயிறு, அக்குள், பாதத்தை நனையுங்கள். ரோமத்தின் மேலே ஊற்றினால் வழிந்துவிடும், விரலால் பிரித்து நனைக்க வேண்டும். ஃபேனை நேராகத் திருப்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே நிற்கும். ஆசனவாய்த் தெர்மாமீட்டரில் சாதாரண அளவு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 39.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். பூனை தேறிய மாதிரி தெரிந்தாலும் போக வேண்டும்.

வெயிலுக்காக மொட்டை அடிக்கலாமா? வேண்டாம். வெயில் நேராகத் தோலைச் சுடும், முடி பழையபடி வளரப் பல மாதம் ஆகும். அடி ரோமத்தை நன்றாகச் சீவி எடுத்தாலே காற்று புகும். வயிற்றில் மட்டும் குறைக்கலாம்.

தண்ணீரை அகலமான ஸ்டீல் பாத்திரத்தில், சாப்பாட்டுக்குத் தள்ளி, வீட்டில் மூன்று இடத்தில் வையுங்கள். தண்ணீரில் காலை விட்டு அளைவது இந்த இனத்தின் குணம். கனமான பாத்திரமாக இருக்கட்டும்.

மூச்சு வேகமாக இருக்கிறது, விளையாட்டு குறைந்துவிட்டது

நன்றாகத் தூங்கும்போது மார்பு எழும்பி இறங்குவதை ஒன்று என்று கணக்கிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை எண்ணியும் தாண்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதயத் தசை தடித்துப்போகும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. அதோடு தொடர்புள்ள மரபணு மாற்றம் ஒன்றை 2005இல் கண்டறிந்தார்கள். அந்த டெஸ்ட் நெகட்டிவ் என்பதால் நோயே வராது என்று இல்லை, பாசிட்டிவ் எல்லாவற்றுக்கும் நோய் வருவதும் இல்லை. ஸ்டெத்தில் எதுவும் கேட்காமலும் போகலாம். உறுதியாகச் சொல்வது எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) மட்டும். குட்டி வாங்குமுன் தாய் தகப்பனின் எக்கோ ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்பவரிடம் வாங்காமல் இருப்பது உத்தமம்.

சோறும் மீனும் மட்டுமே சாப்பிடும் பூனைக்கு இதயம் வேறு விதத்திலும் கெடும். டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் வீங்கித் தளரும், பார்வையும் போகும். இது சோற்றில் கிடையாது, இறைச்சியை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் அதிலும் குறையும். பச்சை மீனை நாள்தோறும் போட்டால் சில மீன்களில் உள்ள நொதி பி1 விட்டமினை அழித்துவிடும். முழுச்சத்து என்று அச்சிட்ட பூனை உணவே அடிப்படையாக இருக்கட்டும்: கருத்தடை செய்த 7 கிலோ பூனைக்கு உலர் உணவு மட்டும் என்றால் தினமும் சுமார் 80–90 கிராம், சமையலறைத் தராசில் அளந்து. கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகும் வீட்டில்தான் 10 கிலோ பூனை உருவாகும். "இது பெரிய ஜாதி, அப்படித்தான் இருக்கும்" என்பது சமாதானம்.

நொண்டுகிறது, உயரத்தில் ஏறத் தயங்குகிறது

கனமான இனம் என்பதால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு இதில் அதிகம். வளரும் வயதில், முக்கியமாகக் கருத்தடை செய்த குண்டு ஆண் பூனை பின்னங்காலில் நொண்டினால் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. வலி மருந்தை நீங்களாகத் தராதீர்கள்.

சோபாவைக் கிழிக்கிறது

வாங்கிவைத்த கீறல் கம்பம் குட்டையாக இருக்கும், அல்லது சாய்ந்தால் ஆடும். முழு உடம்பையும் நீட்டிக் கீற 90 செ.மீ. வேண்டும். 4 அங்குல பிவிசி பைப்பை அந்த நீளத்துக்கு வெட்டி, 60க்கு 60 செ.மீ. 18 மி.மீ. பிளைவுட் அடித்தளத்தில் ஃபிளாஞ்ச் (பைப்பின் அடியைப் பலகையில் பிடிக்கும் வளையம்) போட்டு முடுக்கி, 8 மி.மீ. தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். சுமார் 45 மீட்டர் கயிறு பிடிக்கும். ஆரம்பமும் முடிவும் ஆணியில் நிற்காமல் பைப்பில் துளையிட்டு உள்ளே முடிச்சுப் போட்டால் காலில் குத்தாது. கிழிக்கும் சோபாவின் முன்னாலேயே நிறுத்துங்கள். பழகிய பிறகு வாரம் ஓர் அடியாக நகர்த்தலாம்.

மியாவ் என்காமல் பறவை மாதிரி கீச்சிடுகிறது

இந்த இனத்தின் பேச்சே அதுதான். எதுவும் செய்ய வேண்டாம்.

கூண்டுக்குள் போக மாட்டேன் என்கிறது

முன்கதவு வழியாகத் தலையைத் தள்ளி ஏற்றினால் 7 கிலோ பூனையிடம் யாரும் ஜெயிக்க முடியாது. நடுத்தர நாய்க்கான, மேல்மூடி கழலும் கூண்டை வாங்குங்கள். மூடியைக் கழற்றி அடிப்பாகத்தை மட்டும் மெத்தையாகப் பழைய புடவை போட்டு ஹாலில் எப்போதும் வைத்திருங்கள். பூனை அதில் தூங்க ஆரம்பித்த பின் மூடியை மாட்டுங்கள், கதவைக் கடைசியில். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பக்கத்தைத் தாங்கி. குழந்தைகளிடம் தூக்கக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சீவட்டும். கூண்டைப் பிடியில் மட்டும் தூக்காமல் அடியில் கை கொடுங்கள். பூனையின் எடைக்குப் பிளாஸ்டிக் கொக்கிகள் மாடிப்படியில் விட்டுவிடுவது உண்டு.